எழும்ப எடுக்கும் நேரம்

சாப்பாட்டு மேசையில் கிடந்த பழைய மடிக்கணினியை மூன்றாவது தடவையாகப் போட்டுவிட்டு, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய ஸ்டொப்வொச்சை அமத்தினேன். ஐந்து நிமிஷம் நாற்பது வினாடி. அதில் கடைசி ஒன்றரை நிமிஷம் திரையில் ஒரு மணற்கடிகாரம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பற்றரியோ நான்கு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. நான் இருபது வருஷமாகக் கண்டியில் கணிதம் படிப்பிக்கிறவள். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வயரைக் கழற்றினால் இந்தக் கணினி ஒருநாளும் முழுதாக எழும்பப் போவதில்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நடந்ததும் இதுதான். என் கணவர் வரதராசா, தண்ணீர்த் திட்ட வேலைத்தளங்களைப் போய்ப் பார்க்கிற தொழில்நுட்ப அலுவலர். அளவுகளெல்லாம் அந்தக் கணினிக்குள் இருப்பதால் அதைத் தூக்காமல் அவர் வேலைக்குப் போக முடியாது. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் சொந்தக்காரர் இல்லாத ஒரு பையைக் கண்டால் சனம் இறங்கி ஓடுகிற காலம். உள்ளே குண்டில்லை என்று தெரியக் கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவரும் போட்டிருக்கிறார். திரை கறுப்பாகவே நின்று, பிறகு அணைந்துபோனது. அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கே பருத்தித்துறை. காலையில் போனவர் அடுத்த நாள் மத்தியானம்தான் பொலிஸிலிருந்து வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்குக் கதிரையில் இருந்தவர்தான், பிறகு வேலைக்குப் போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் ஒரே பதில்.

"ஒண்டுமில்லை. கம்பியூட்டர் எழும்பேல்லை, அவ்வளவுதான்."

நான் அதை அப்படியே நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. கணினி எழும்பவில்லையென்றால் எழுப்பினால் போயிற்று. வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. எனக்குப் பத்து நாள் இருந்தது.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற ஹாஷிமிடம் போனேன். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள் என்பதால் என்னிடம் பொய் சொல்லக் கொஞ்சம் பயப்படுவார்.

"டீச்சர், ஒங்கட மெசின்ல ரெம், அதான் மெமறி, கொறய. விண்டோஸ் இனி இதுக்குச் சரிவராது. லினக்ஸ் ஒண்டப் போட்டுப் பாருங்க."

"பழக்கமில்லாத ஆளுக்கும் சரிவருமோ?"

"யாரு பாவிக்கப் போற?"

"இவர்தான்."

ஹாஷிம் கையிலிருந்த ஸ்குறூட்ரைவரைக் கீழே வைத்தார். கதை அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. அலுமாரியைத் திறந்து மூன்று சீடிகளை எடுத்துத் தந்தார், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை லினக்ஸ்.

"ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்க டீச்சர். எது சார்ட கைக்குப் படியுதோ அத வெச்சிக்கோங்க."

பாடசாலைக் கணினி அறையில் இருந்து இணையத்திலும் தேடினேன். பழைய கணினிக்கு, புதியவர்களுக்கு, எந்த லினக்ஸ் நல்லது என்று உலகம் முழுக்க இதற்காகவே அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அழகைப் பார்த்தார், இன்னொருவர் பாட்டுக் கேட்க முடியுமா என்று பார்த்தார். துவக்கோடு நிற்கிற ஒருவர் பொறுமை இழக்க முன்னர் எது எழும்பும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நான் பார்த்த புதியவர் வேறு மாதிரி ஆள். அவருக்கு விரல் பிழையான இடத்தில் படும், சிங்களம் மறந்துபோகும், கடவுச்சொல் கேட்டால் தன் பெயரே ஞாபகம் வராது. அவர் அமத்த வேண்டியது ஒரே ஒரு பொத்தானாக இருக்க வேண்டும்.

உபுண்டு வடிவாக இருந்தது. ஆனால் எங்கள் கணினிக்கு அது பாரம், மூன்று நிமிஷம் எடுத்தது. அடுத்தது பப்பி. நாற்பது வினாடிதான். வென்றது இதுதான் என்று நான் கொப்பியில் எழுதப் போக, கணினி சத்தமாக இரண்டு தரம் குரைத்தது. நாய்க்குட்டியின் பெயர் வைத்தால் குரைக்கவும் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். உள்ளறையிலிருந்து வரதராசா எட்டிப் பார்த்தார்.

"ஆமிக்காரனைப் பாத்துக் குரைக்கிறதோடையோ என்னை அனுப்பப் போறீர்?"

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். குரைப்பை நிறுத்தலாம் என்று ஹாஷிம் ஃபோனில் சொன்னார். நிறுத்தினது ஒருநாள் தானாகத் திரும்பி வந்தால் நான் ஹாஷிமையா பிடிப்பது என்று யோசித்து, அந்தச் சீடியை ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாவது, உபுண்டுவின் மெலிந்த தங்கை சுபுண்டு. உள்ளே நிறுவி, கடவுச்சொல் கேட்காதபடி செய்து, தேவையில்லாததையெல்லாம் கழற்றிய பிறகு ஒரு நிமிஷமும் எட்டு வினாடியும் எடுத்தது. மொழியாக நான் தமிழைத் தெரிவுசெய்திருந்தேன். கோப்பு, தொகு, உதவி என்று திரையில் எங்கள் எழுத்து வரிசையாக வந்தபோது எனக்குச் சின்னப்பிள்ளைச் சந்தோஷம். பின்னால் வந்து நின்றவர் அதைப் பார்த்தார்.

"உதை எடுத்துவிடும். இங்கிலீசிலை இருக்கட்டும்."

"இது எங்கடை வீட்டுக் கம்பியூட்டர்தானே."

"வீட்டுக்குள்ளையே இருக்கிறதெண்டால் எனக்கு உது தேவையில்லையே, கமலா."

மாற்றினேன். யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் எழுத்துப்பலகையில் குத்திக் குத்தி மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒத்திகை வைத்தோம். யோசனை என்னுடையதுதான். வயரைக் கழற்றிக் கணினியைப் பைக்குள் வைத்து, பையை அவர் தோளில் மாட்டி, வாசலில் நிறுத்தினேன். ஆமிக்காரர் நான். ஒரு கையில் துவக்குக்குப் பதிலாகக் குடை, மறு கையில் ஸ்டொப்வொச். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, பையைத் திறந்து இதைப் போட்டுக் காட்டு என்று சிங்களத்தில் சொன்னேன்.

"மேக்க ஒன் கரன்ட."

அவர் பையைத் திறக்கவில்லை. அதை மெதுவாக நிலத்தில் வைத்தார். பிறகு முழந்தாளில் இருந்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்துக்கொண்டார். கண் என் காலடியில் நின்றது. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததாக எனக்குப் படவில்லை. என் கையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

குடையைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் நானும் நிலத்தில் இருந்தேன்.

"எவ்வளவு நேரம் இப்பிடி வச்சிருந்தவங்கள்?"

"விடியுமட்டும்" என்றார்.

வெட்கமாக இருந்தது. பத்து நாளாக நான் கணினியை மட்டும் அளந்திருக்கிறேன், அதுவும் தசமதானம் பிசகாமல். அவருடைய கைகளைப் பிரித்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எழும்பும். திரும்பச் சொல்லும்."

"வேண்டாமப்பா."

"சொல்லும், கமலா. நல்லாச் சத்தமாச் சொல்லும். அவங்கள் இப்பிடி மெதுவாக் கதைக்கமாட்டாங்கள்."

இடையிடையே பற்றரியை ஏற்றிக்கொண்டு, பொழுது சாயும்வரை பதினொரு தரம் செய்தோம். நாலாந் தரம் நின்றபடியே பையைத் திறந்தார். ஏழாந் தரம் பொத்தானை அமத்தினார். பதினோராந் தரம், திரை வெளிச்சம் வரும்வரை, குடை பிடித்த என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை அவரோடு அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். வேண்டாம் என்றார்; நான் கேட்கவில்லை. சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், பஸ் காலியாகப் பாலத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஆம்பிளைகளுக்கு ஒரு வரிசை. பெண்களுக்குத் தகரத் தடுப்பு போட்ட தனிக் கூடு. உள்ளே ஒரு பெண் பொலிஸ் என் பையைக் கிளறி, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். வெளியே வந்தால் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் ஏறினேன்.

ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். அவர் வரவில்லை. கண்டக்டர் தலைகளை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யமுத, மிஸ்?"

போவோமா என்கிறார். இன்னும் ஒருவர் வர இருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பின்கண்ணாடியால் பார்த்தேன். மணல்மூட்டைக்குப் பக்கத்தில் மூன்று சீருடைகள் ஒன்றாகக் குனிந்து நின்றன. நடுவில் அவருடைய முதுகு. நேரத்தை நான் பார்க்கவில்லை. கோபமா, விசாரணையா, சும்மா விடுப்புப் பார்க்கிற ஆவலா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: அவர் நின்றுகொண்டிருந்தார், திரையில் எதையோ விரலால் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ட்ரைவர் எஞ்சினை உறுமவிட்டார். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலை ரோட்டிலும் வைத்து, கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி நிற்கிற ஒரு பொம்பிளையை இழுத்துக்கொண்டு எந்த பஸ்ஸும் புறப்படாது.