ஒன்பது அடிக்குச் சாட்சி முப்பது பேர்

1967ஆம் ஆண்டு செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. அன்று காலை எங்கள் பள்ளி மைதானத்தில் கோலூன்றி ஒன்பது அடி தாண்டிய மாணவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏழரை அடி தாண்டியவனின் பெயரையோ, பள்ளியின் மிக உயர்ந்த தாண்டல் என்று, புதிய பலகையில் பொன்வண்ணத்தில் எழுதப்போகிறார்கள். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய நான், ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவர் மலரில் இடம் கேட்டு எழுதுவது இந்தக் குறையைச் சொல்வதற்காகவே.

அந்த ஆண்டு கோலூன்றித் தாண்டும் அணியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். மூங்கிற்கோல் ஒன்று, மணற்குழி ஒன்று, நேரம் காலை ஒன்பது மணி முதல் நாற்பது நிமிடம். முப்பத்தொரு பேருக்கும் திடீரென்று உயரத்தின்மேல் காதல் பிறந்துவிட்டதென்று யாரும் மயங்க வேண்டா. அணியில் உள்ளவர்கள் களைப்பாறிவிட்டு இரண்டாம் பாடவேளைக்கு வந்தால் போதும் என்று தலைமையாசிரியர் அறிவித்திருந்தார். முதற்பாடவேளை என்னுடைய இலக்கண வகுப்பு. புணர்ச்சி விதிக்குப் பயந்து ஓடிய கூட்டத்துக்கு அணி என்று பெயர்.

உடற்பயிற்சி ஆசிரியர் காசிநாதன் வேப்பமரத்தடியில் நாற்காலியில் அமர்ந்து வருகைப் பதிவேட்டில் குறியிடுவார். அவர் அளித்த பயிற்சி அவ்வளவே. வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் மகன் குமாரசாமி கோலைக் கைப்பற்றினால் பத்து நிமிடம் விடமாட்டான். ஓடுவான், குழிக்கு முன்னால் நிற்பான், தலையைச் சீவிக்கொள்வான், திரும்பி நடப்பான். ஏனையோர் மதிலோரம் குந்தி, வாசலில் மணியம்மாள் விற்ற வேர்க்கடலையைத் தின்பார்கள். பாதிப் பேர் அந்தக் கோலைத் தொட்டதே இல்லை. தொடாததில் அவர்களுக்கு வருத்தமும் இல்லை.

வருத்தப்பட்டவன் ஒருவனே. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மயில்வாகனத்தின் மகன் வீரபாகு. தந்தை சேலையின் உடலை நெய்யும்போது, கரைப் பக்கத்து ஊடிழையைக் கொண்ட நாடாவை வீச அருகில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அந்த இடம் அவனுடையது. காலை ஒன்பதரை வரை அவனால் எழுந்திருக்க முடியாது. அமாவாசையன்று மட்டும் அவர்கள் தறியில் கை வைப்பதில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளாக மாதத்துக்கு ஒருநாள் மைதானத்துக்கு வந்தான். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த ஒருநாளும் போயிற்று. வந்த நாளிலும் வரிசையின் கடைசியில் நின்று, வாய்த்தால் இருமுறை தாண்டுவான்.

“வாடா அமாவாசை! எள்ளும் தண்ணியும் எடுத்தாந்தியா?” என்பான் குமாரசாமி.

“உங்கப்பாவுக்கு வேணும்போது சொல்லுபா, எடுத்தாறேன்” என்பான் வீரபாகு.

மற்ற நாட்களில் அவன் செய்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். விடியற்காலையில் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். அறுந்த இழைகளை முடிய இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட ஓர் ஆள் வேண்டும். வீரபாகு ஓடினான், கையில் ஒரு மூங்கிலோடு ஓடினான். பதினாறாம் எட்டில் அதன் நுனியைத் தரையில் ஊன்றி நின்றான்.

“கொம்பத் தூக்கிக்கினு ஏன்டா ஓடறே? பாவு மேல பட்டா என்னாவறது?” என்று கத்தினார் மயில்வாகனம்.

“படாதுப்பா. எண்ணிக்கினுதான் ஓடறேன்.”

அணியினர் கோலைப் பிடித்துக்கொண்டும் கற்காததை, அவன் கோல் கிடைக்காமலே கற்றான்.

மாவட்டப் போட்டிக்குச் செங்கல்பட்டுக்கு ஒருவனையே அனுப்பலாம். அதற்கான தேர்வு செப்டம்பர் 8 என்று அறிவித்தார்கள். அமாவாசை நான்காம் தேதியே கழிந்துவிட்டது. வியாழன் மாலை நான் மயில்வாகனத்தின் வீட்டுக்குப் போனேன்.

“வாத்தியாரய்யா, சனிக்கிழமை தறியிலேர்ந்து சேலைய அறுத்துக் குடுக்கணும். கரைக்கு ஆள் இல்லாம நான் ஒண்டியா என்னத்த நெய்யறது?”

“ஒரு மணி நேரம் போதும்” என்றேன்.

உள்ளிருந்து அவர் மனைவி காமாட்சியம்மாள் குரல் கொடுத்தார்: “நான் ஒக்காந்துக்கறேன். சோறு ஒரு மணி நேரம் கழிச்சு வெந்தா யாரும் செத்துட மாட்டாங்க. நீ போடா.”

வெள்ளிக்கிழமை வீரபாகு வந்தான். காசிநாதன் முப்பது பெயர்களை அழைத்தார். பலர் தாண்டுவதற்காகக் குறுக்கே கட்டிய கயிற்றின் அடியில் புகுந்து மறுபுறம் சென்றார்கள். குமாரசாமி மூன்றாம் முயற்சியில் ஏழரை அடி தாண்டினான். காசிநாதன் பதிவேட்டை மூடினார்.

“சார், நான் இன்னும் தாண்டலியே” என்றான் வீரபாகு.

“அறுபது நாள்ல மூணு நாள் வந்திருக்கே. இது டீமா, திதி குடுக்கிற எடமா?”

நான் குறுக்கிட்டேன். அவர் பதிவேட்டிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

“முக்கால்வாசி நாள் வராதவனை நீக்கணும்னு தலைமையாசிரியருக்கு எழுதிக் குடுத்தது யாரு ஐயா? கையெழுத்து உங்களுதுதானே?”

என்னுடையதுதான். இலக்கண வகுப்பு காலியாவது பொறுக்காமல் ஜூலையில் நான் எழுதிய கடிதம். வேர்க்கடலை தின்ன வந்தவர்கள் நாள் தவறாமல் வந்தார்கள் என்பதும், தாண்ட வந்தவன் ஒருவனே அந்த விதியில் அகப்படுவான் என்பதும் எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தின்மேல் நான் கொட்டும் இகழ்ச்சியில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

வீரபாகு என்னைப் பார்க்கவில்லை.

“கயித்த ஒம்போதுக்கு ஏத்துங்கபா” என்றான்.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் இருவர் ஏற்றினார்கள். அவன் கோலை எடுத்தான். பதினாறு எட்டு. ஊன்றினான், எழுந்தான், கயிறு அசையாமல் மணலில் விழுந்தான். முப்பது பேரும் பார்த்தார்கள். கடலை மெல்லும் சத்தம்கூட நின்றது.

“நான் விசில் ஊதல. இது கணக்குல வராது” என்றார் காசிநாதன்.

“சரி சார்.” அவன் முழங்கால் மணலைத் தட்டிவிட்டான். “எங்கம்மா தறியில ஒக்காந்துக்கினு இருக்குது. நான் போறேன்.” அதன் பிறகு எந்த அமாவாசையிலும் அவன் மைதானத்துக்கு வரவில்லை.

செங்கல்பட்டில் கயிற்றை எட்டடியில் தொடங்கினார்கள். குமாரசாமி மூன்று முறையும் அதை நெஞ்சால் இழுத்துக்கொண்டு விழுந்து, ஓட்டலில் உண்டுவிட்டுத் திரும்பினான். அதற்கும் காலை வணக்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இப்போதுள்ள தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். ஒருவர் சொல் போதாதாம். நேரில் கண்டவர்கள் எழுதித் தந்தால் பலகையில் வீரபாகுவின் பெயரை எழுதுவாராம். காசிநாதன் தமக்கு நினைவில்லை என்று எழுதிவிட்டார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும், அந்த அணியில் இருந்த ஒரு பழைய மாணவனைத் தேடிப் போனேன்.

“மணியம்மா கடலை நெனப்பிருக்குது ஐயா. தாண்டினதெல்லாம் யாரு பாத்தா?” என்று சிரித்தான்.

நீ பார்த்தாய். அந்த முப்பது பேரில் ஒருவனாகிய நீ இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறாய். உன்னிடம் இலக்கணம் கேட்கவில்லை. அது உனக்கு வாராது என்பதை நான் அறிவேன். பலகை எழுதுபவர் தை முதல் நாள் வருகிறார். அதற்குள் ஓர் அஞ்சலட்டை வாங்கு. வீரபாகு, ஒன்பது அடி, நான் கண்டேன் என்று எழுது. கீழே உன் முழுப்பெயரைப் போட்டுத் தலைமையாசிரியருக்கு அனுப்பு.