நட்டவர் பெயர்

1

"அங்கிள், இந்தக் கரும்ப நட்டவங்க பேரு என்ன?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் ஒரு பொங்கலன்று, முகவாயில் சாறு வழிய, சந்திரகலா என்னைக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. பழைய கரும்புத் தோட்டத்துத் துரைமார் சிலரின் பெயர்கள் எனக்குத் தெரியும், புத்தகங்களில் இருக்கின்றன. நட்டவர் ஒருவரின் பெயர்கூடத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்தது இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "ஏழைகளின் கண்ணீரில் விளைந்த அந்தக் கரும்பு…"

இல்லை, அடித்துவிட்டேன். நான் பெருமைப்பட வந்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: 1928. மலாயா. கிள்ளான், காப்பார் சாலையோரம் ஒன்பது குடும்பங்கள் துண்டு நிலங்களில் கரும்பு வைத்திருந்தன. தனியாக ஒருவராலும் ஆகாததை ஒன்பது பேரும் சேர்ந்து செய்தார்கள். மாடு சுற்றும் இரும்பு ஆலை ஒன்றை வாங்கி நிறுத்தி, 'கரும்பு விவசாயிகள் சங்கம்' என்று பலகை மாட்டினார்கள்.

(இப்படியொரு சங்கத்தை நான் எந்த ஆவணத்திலும் பார்க்கவில்லை. நானே கட்டினேன். பலகையில் எழுத்து கோணலாக இருந்தால் அது என் கை.)

சங்கத்துக்கு விதிகள் இரண்டு. ஆலை ஆளுக்கு ஒரு நாள், முறைப்படி. தை முடிவதற்குள் கரும்பு நடாதவருக்கு அடுத்த ஆண்டு முறை கிடையாது.

3

ஒன்பது பேரில் ஒருவனான அய்யாவுவை முதலில் கருமியாக எழுதினேன். மூன்று பக்கம் போன பிறகு சந்தேகம் வந்தது. அவன் கருமி இல்லை, அவசரக்காரன். மார்கழியில் தன் முறை நாளை விரல்விட்டு எண்ணி, இரண்டு நாளாகக் கரும்பு வெட்டி, வண்டியோடு ஆலைக்கு வந்துவிட்டான். இடையில் ஓர் அமாவாசை. அன்று மாட்டை நுகத்தில் பூட்டுவதில்லை. எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். அவன் வந்து நின்றது நல்லம்மாளின் நாளில்.

"காவடிக்கு மட்டும் நாள் சரியா எண்ணுற, அமாவாசைய முழுங்கிட்டியேடா!" என்றார் செயலாளர் இராமலிங்கம்.

"கேலி பண்ணாதீங்கண்ணே. நாளைக்குன்னா சாறு புளிச்சிரும். வெல்லம் கட்டாதுலா."

நல்லம்மாள் கணவனை இழந்தவள். நிலம் ஆலைக்குப் பக்கத்திலேயே. கரும்பு வெட்ட அப்போதுதான் அரிவாளை எடுத்திருந்தாள். கீழே வைத்துவிட்டாள்.

"என் முறைய எடுத்துக்க தம்பி. நிக்கிற கரும்பு எங்க ஓடிறப் போவுது? நாளைக்கு நான் ஆட்டிக்கிறேன்."

மறுநாள் விடியலில் கடல் தண்ணீர் கரையை உடைத்தது. அவள் நிலம்தான் தாழ்வு. ஓடாத கரும்பு உப்புத் தண்ணீரில் சாய்ந்து கிடந்து அழுகியது. மறுபடி நறுக்கி நட ஒரு கரணைத் துண்டுகூட மிஞ்சவில்லை.

4

மழை உப்பைக் கழுவியது. தை பிறந்தது. அவள் நிலம் வெறுமையாகவே கிடந்தது.

முடிவு (அ): கூட்டத்தில் அய்யாவு அழுது, கரணைக் கட்டுகளைக் கொடுக்கிறான். எழுதிப் பார்த்தேன். நல்லம்மாள் வாங்க மறுத்துவிட்டாள். "அழுது குடுக்குற கரணை முளைக்காது தம்பி."

முடிவு (ஆ): சங்கம் அவளுக்காக விதியைத் தளர்த்துகிறது. அதற்கும் அவளே எழுந்தாள். "எனக்காக வளைச்சா அப்புறம் சங்கம் எதுக்குண்ணே?"

என் பாத்திரம் என்னைவிட நிமிர்ந்து நிற்கிறாள். எனக்கு அதில் பெருமைதான்.

5

தைப்பூசத்தன்று எல்லோரும் ரயிலேறிப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனார்கள். பதினோரு வருடம் காவடி தவறாத அய்யாவு மட்டும் வரவில்லை.

"கால்ல முள்ளு குத்திருச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"முருகனுக்கே டிமிக்கியா?" என்று வண்டி முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் திரும்பி வந்தபோது நல்லம்மாளின் நிலத்தில் கரணைகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. இராமலிங்கம் சங்க ஏட்டைத் திறந்தார். "நட்டவர் யாருன்னு போட?"

அவள் குனிந்து மண்ணை விலக்கினாள். ஒவ்வொரு கரணையிலும் முளைவிடும் பரு பக்கவாட்டில் பார்த்திருந்தது. ஒன்பது குடும்பத்தில் அப்படி வைக்கிற கை ஒன்றுதான். மண்ணை மறுபடி மூடினாள்.

"சங்கம்னு போடுங்கண்ணே."

6

அந்தப் பகல் முழுக்க அவன் எப்படிக் குனிந்து நட்டான், காவடி தூக்கும் நேரம் வந்தபோது ஒரு கணம் நிமிர்ந்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். அவனைப் படைத்தவன் நான், எழுதியிருக்கலாம். ஆனால் அன்று நானும் பத்துமலை ரயிலில்தான் இருந்தேன்.

நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது. காப்பார் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அங்கே ஒருவன் வேலையாக இருக்கிறான்.