வளைவில் நின்ற மரங்கள்

சூரியன் மறையவே மறையாத மாதத்தில் விடியல் எது என்று யாரும் சண்டை போடுவதில்லை. கொசுக்கள் கொஞ்சம் அசந்து, நார்வேயின் வடகோடியில் ஓடும் பாஸ்விக் ஆற்றின்மேல் வெண்மூட்டம் படர்ந்தால் அதுதான் விடியல். அந்த நேரத்தில் ஹில்யா முழங்கால்வரை சதுப்பில் நின்று கொந்தாலியை ஓங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு முழத்துக்கு மெத்தென்ற பாசி. அதற்குக் கீழே கறுத்த சேறு. சேற்றுக்குள் செத்தும் சாகாத பைன் வேர்கள். கொந்தாலி வேரில் பட்டால் தோள்பட்டை வரைக்கும் தெறிக்கும். சேற்றில் இறங்கினால் வெளியே விடாது. இன்னும் கீழே, கோடை வந்தும் உருகாத பனி. அதில் பாதம் பட்டதும் எலும்பு வலிக்கும்.

வீட்டுப் பக்கத்திலிருந்து ஆற்றை நோக்கி அவள் வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தாள். சதுப்பு வடிந்தால்தான் நிலம். நிலமென்று ஒன்று இருந்தால்தான் அரசாங்கம் அதை உனக்கென்று எழுதிக்கொடுக்கும். பாதி தூரம் வந்திருந்தாள். மீதிப் பாதியைப் பார்க்காமல் இருப்பதற்காகவே தலை குனிந்து வெட்டினாள்.

வாசலில் அவள் புருஷன் தூர்ஸ்டைன் சாணைக்கல்லோடு உட்கார்ந்து மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான். வலது கால் பலகையில் கட்டியபடி நீண்டுகிடந்தது. பனி உருகி வெள்ளம் வந்த நாட்களில், வெட்டி ஆற்றில் மிதக்கவிட்ட மரங்கள் மேலேயிருக்கும் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டன. தண்ணீர் அடங்கட்டும் என்றார்கள் வேலைக்காரர்கள். இப்போதே அவிழ்க்க வேண்டும் என்றார் கரையில் நின்ற வன அதிகாரி. தூர்ஸ்டைன் கொக்கிக் கழியோடு மரங்கள்மேல் ஏறினான். சிக்கல் அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே அவன் கால் மாட்டிக்கொண்டது.

"போதும் வா. மரக்காரங்களுக்குக் கஞ்சி வெக்க நேரமாகுது" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு வேர்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. அந்த வேருக்கு நம்ம ரெண்டு பேரையும்விட வயசு ஜாஸ்தி. அது விடாது."

"நான் மட்டும் விட்டுருவேனா?"

அப்போதுதான் மோட்டார் படகின் சத்தம் கேட்டது. வன அதிகாரி ஃபால்கன்பெர்க். அந்த ஆற்றங்கரையில் குடியேற நிலம் கொடுப்பவரும் அவர்தான், மரவேலைக்குக் கூலி கொடுப்பவரும் அவர்தான். கொடுத்ததைப் பிடுங்க வேண்டியிருந்தால் அதற்கும் வேறு ஆள் தேவையில்லை.

பளபளக்கும் பூட்ஸை நனைக்காமல் கல்மேல் கல்லாகக் கால் வைத்து வந்தார். அதே நேரம் பார்த்துக் கொட்டகையிலிருந்த மாடு கத்தியது. ஹில்யா பழக்க தோஷத்தில் பின்னிஷ் மொழியில் அதட்டினாள்.

"வீட்டுல இன்னும் இந்தப் பேச்சுதானா?" என்றார் ஃபால்கன்பெர்க்.

"மாட்டுக்கிட்ட மட்டுந்தாங்க ஐயா. அக்கரைல வாங்கின மாடு. நம்ம நார்வே மொழி இன்னும் சரியா வரல அதுக்கு."

தூர்ஸ்டைன் சிரிப்பை அடக்கச் சாணைக்கல்லை அழுத்தித் தேய்த்தான். அதிகாரி சிரிக்கவில்லை. அக்கரை இப்போது பின்லாந்து, நேற்று வரை ரஷ்யா, நாளைக்கு யாரோ. இக்கரையில் நார்வே மொழி பேசாதவனுக்கு நிலம் கிடையாது. ஹில்யாவுக்கு முன்னாலேயே அவள் அப்பனும் தாத்தனும் இதே ஆற்றில் மீன்பிடித்தவர்கள்தான். ஆனாலும் தெற்கிலிருந்து வந்த தூர்ஸ்டைனைக் கட்டிக்கொண்டதால்தான் அவள் பெயருக்கு ஒரு கூரை வந்தது.

"தூர்ஸ்டைன், நான் சுத்தி வளைச்சுப் பேசுறவன் இல்ல. இந்த எல்லைல அரசாங்கம் வேலி போடல. அதுக்குப் பதிலா உங்கள மாதிரி குடும்பங்களக் குடிவெச்சிருக்கு. ஒவ்வொரு வீடும் ஒரு வேலிக்கம்பம். கம்பம் சாஞ்சுபோனா வேற கம்பம் நடத்தான் செய்வாங்க."

"கம்பத்துக்குப் பசிக்காதுங்க ஐயா. அது மேல மரத்த உருட்டிவிட்டாலும் கேக்க ஆளில்ல" என்றாள் ஹில்யா.

"கால் ஒடஞ்சது அவன் கவனக்குறைவு."

"ஏறுன்னு சொன்னது யாரு?" என்றான் தூர்ஸ்டைன் தலை தூக்காமல்.

அந்தக் கேள்வியை அதிகாரி கொசுவைப்போல் கையால் விசிறிவிட்டார். "ஆத்துல விட்ட கடைசி மரம் உங்க வளைவத் தாண்டுற அன்னிக்கு என் வேலை முடியுது. அன்னிக்கே வந்து பார்ப்பேன். வாய்க்கால் ஆறு வரைக்கும் போயிருக்கணும். இல்லேன்னா தெற்கேருந்து ஒரு குடும்பம் பெட்டி கட்டி வெச்சிருக்கு. நல்ல ஆளுங்க. வீட்டுல ஒரே மொழி."

படகு போன பிறகும் அதன் அலைகள் கரையில் மோதிக்கொண்டிருந்தன. அழுதால் தூர்ஸ்டைன் உடைந்துபோவான் என்று ஹில்யா சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆற்றில் மரம் தள்ளும் மரக்காரர்கள் தங்கும் கொட்டகைக்கு வெளியே எப்போதும் இரண்டு நெருப்பு எரியும். ஒன்றைச் சுற்றி நார்வேக்காரர்கள். நிலம் வாங்கிக் குடியேறியவர்கள், கோடையில் கூலிக்கு வருகிறவர்கள். மற்றதைச் சுற்றிப் பின்னிஷ் பேசுகிறவர்கள். கூலி மட்டுமே உள்ளவர்கள். இப்படிப் பிரிந்து உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. போடாமலே நடந்ததில் ஃபால்கன்பெர்க்குக்கு ஏகப்பட்ட திருப்தி. ஹில்யாவின் கஞ்சிப்பானை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அன்று காலை மேஸ்திரி வந்து, மர விலை விழுந்துவிட்டது, இந்த வாரத்திலிருந்து கூலி குறைவு என்றான். ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, வேலை முடியும்வரை ஒருவனும் கரையேறக் கூடாது என்றான். இரண்டு நெருப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது, அவரவர் மொழியில். மேஸ்திரி போனதும் அதுவும் அடங்கியது.

ஹில்யா கஞ்சி ஊற்றிக்கொண்டே காலையில் நடந்ததைச் சொன்னாள். அவள் பக்கத்து நிலத்துக்காரர் ஹால்வர், தாடியில் கஞ்சி ஒட்டியிருப்பதையும் மறந்து அப்படியே நின்றார்.

"கடைசி மரம் தாண்டுற அன்னிக்கா? அப்ப நாங்க தள்ளுற ஒவ்வொரு மரமும் உன் கழுத்தப் பிடிச்சுல்ல தள்ளுது!"

"நீங்க என்ன செய்வீங்க அண்ணே."

"நீ ஏன் இன்னும் டுக்னாட் கூப்பிடல?"

தன் கைக்கு மீறிய வேலை வந்தால் ஒரு குடும்பம் அக்கம்பக்கத்தைக் கூப்பிடும். அதுதான் டுக்னாட். கூப்பிட்டால் போயாக வேண்டும், கூலி கிடையாது, ஆனால் கூப்பிட்ட வீடு வந்தவர்களுக்கு வயிறாரக் கூழும் காப்பியும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவர்கள் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கரையில் பட்டினி கிடந்து செத்தவர்கள்கூட உண்டு, வெறும் சட்டியோடு டுக்னாட் கூப்பிட்டவர்கள் இல்லை.

"வீட்டுல மாவு இல்ல அண்ணே" என்றாள் ஹில்யா. சொல்லும்போதே காது சிவந்தது.

அடுத்த நெருப்பிலிருந்து எய்னோ எழுந்து வந்தான். ஒல்லி உடம்பு, மரத்தின்மேல் ஓடுவதில் ஆற்றிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. நார்வே மொழியில், எல்லோருக்கும் புரியும்படியே பேசினான்.

"ஹில்யாக்கா, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்குறேன். நான் பொறந்தது இந்த ஆத்தங்கரைல. எனக்கு இங்க குழி தோண்டக்கூடச் சொந்தமா மண்ணு கிடையாது. எங்கம்மா பேசின பேச்ச நான் பேசுறேன்னு அந்த அதிகாரி தரமாட்டேங்கிறான். நான் வந்து உங்க வாய்க்கால வெட்டணும். வெட்டி முடிச்சா நிலம் உங்களுக்கு. எனக்கு?"

ஹால்வர் தாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எய்னோ கேட்டதில் ஒரு பொய்யும் இல்லை. அவன் மொழிதான் அவள் மொழியும். ஒரு கல்யாணம் அவளை வேலிக்கு உள்ளே வைத்தது, அது இல்லாமல் அவன் வெளியே நின்றான்; அவ்வளவுதான் வித்தியாசம்.

"உனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் ஹில்யா. "எய்னோ, நீ வராட்டி நான் தப்பா நினைக்க மாட்டேன்."

கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். முதலில் நார்வே மொழியில். பிறகு, வேலையிடத்தில் பேசக் கூடாதென்று ஃபால்கன்பெர்க் தடுத்திருந்த பின்னிஷில். அந்த மொழியிலும் இதே வழக்கம் உண்டு, தல்கோத் என்பார்கள். நாளைக் காலை தூர்ஸ்டைன் வீட்டில் வாய்க்கால் வேலை. எங்களிடம் மாவு இல்லை. உப்புமீன் கொஞ்சம் இருக்கிறது, தண்ணீர் ஆறு நிறைய இருக்கிறது. வருகிறவர்கள் வாருங்கள்.

வீட்டில் தூர்ஸ்டைன் கேட்டுவிட்டுக் கொதித்தான். "வெறும் சட்டிய வெச்சுக்கிட்டுக் கூப்பிட்டியா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே வெட்டட்டும்."

மறுநாள் விடியலில் அவள் மட்டுமே சதுப்பில் நின்றாள். வெட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். பாதையில் ஒருவரும் இல்லை. மறுபடி வெட்டினாள். யாரும் வரமாட்டார்கள் என்பது மெல்ல மெல்ல மனசுக்குள் இறங்கியது. மண்டியிட்டு, அந்தப் பாழாய்ப்போன வேரைக் கையாலேயே பிடித்து இழுத்தாள். அழுகை வந்தது, யாரும் பார்க்காததால் அழுதாள்.

அப்புறம்தான் ஆற்றில் ஏதோ மாறியிருப்பது உறைத்தது. மரங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் இல்லை. மரக்காரர்களின் கூச்சல் இல்லை. எழுந்து பார்த்தாள். வளைவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மரங்கள் அடைத்துக்கொண்டு அப்படியே நின்றன. அவற்றை வழிநடத்த ஒரு கொக்கிக் கழிகூடத் தண்ணீரில் இல்லை. கழிகளெல்லாம் காட்டுப்பாதையில், மனிதர்களின் தோள்மேல் வந்துகொண்டிருந்தன.

ஹால்வரின் முதுகில் ஒரு மாவுமூட்டை. இன்னொருவன் கையில் காப்பிக் கெட்டில். கலைமான் இறைச்சி வற்றல், ரொட்டி என்று ஆளுக்கொரு பொட்டலம். இரு நெருப்பின் ஆட்களும் கலந்து வந்தார்கள். வரிசையில் முன்னால் வந்தவன் எய்னோ.

"ராத்திரி பூரா சண்டை" என்றான் அவன், கொந்தாலியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. "நிலம் இருக்கவன் கூலியப் பத்திக் கவலப்பட வேணாம்னு ஃபால்கன்பெர்க் நார்வேக்காரங்ககிட்ட சொல்லியிருக்கான். நிலம் இல்லாதவன் அக்கரைக்குப் போகலாம்னு எங்ககிட்ட சொல்லியிருக்கான். ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காந்து பேசினப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு பேரையும் ஒரே கையாலதான் அமுக்கியிருக்கான். தள்ளு அக்கா. இப்படி வெட்டினா வேரு வராது, சுத்தித் தோண்டணும்."

இரண்டு பேர் தூர்ஸ்டைனை நாற்காலியோடு தூக்கிவந்து வாய்க்கால் ஓரத்தில் வைத்தார்கள். அவன் முன்னால் மழுங்கிய மண்வெட்டிகள் குவிந்தன. அவன் யாரையும் பார்க்காமல் தீட்டினான். மூக்கை மட்டும் அடிக்கடி உறிஞ்சிக்கொண்டான்.

ஃபால்கன்பெர்க்கின் படகு மரங்களைத் தாண்ட முடியாமல் வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டது. அவர் சதுப்பு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. பூட்ஸெல்லாம் சேறு.

"வேலைநிறுத்தமா? ஒவ்வொருத்தன் பேரும் எனக்குத் தெரியும்!"

"வேலைநிறுத்தமா? சே சே!" என்றார் ஹால்வர். "டுக்னாட்டுங்க ஐயா. கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? உங்க வீடு கட்டும்போதுகூட வந்தோமே."

"ஆறு வத்துது! நாலு நாள் போச்சுன்னா இத்தனை மரமும் பாறைல தங்கிடும்!"

"ஆமாங்க, வத்துது" என்றான் எய்னோ. "கூலியப் பழையபடி குடுத்தா, கால் ஒடஞ்சவனுக்குப் பதில் சொன்னா, பொறந்த ஊர்ல எங்களுக்கும் மண்ணு உண்டுன்னா, சட்டுனு ஆத்துல இறங்கிடலாம்."

அதிகாரி அவனைப் பார்க்கவே இல்லை. ஹில்யாவிடம் வந்தார். குரல் திடீரென்று வெண்ணெயாகியது.

"ஹில்யா, நீதானே கூப்பிட்டே? நீயே அனுப்பிடு. இந்த நிலத்த இன்னிக்கே உங்க பேருக்கு ஆக்கிடறேன். வாய்க்கால்கூட வேணாம். இத்தனை பேரு சாட்சியாச் சொல்றேன். இவங்கள மட்டும் ஆத்துக்கு அனுப்பு."

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. ஹில்யா திரும்பி வீட்டைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், நாற்காலியில் கல்லாகிப்போன புருஷனைப் பார்த்தாள். அவள் கேட்டதெல்லாம் இதுதான். இதற்காகத்தான் இத்தனை காலம் இந்தச் சேற்றில் கிடந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அவளைத் திட்டக்கூட மாட்டார்கள். எய்னோ மட்டும் வெட்டுவதை நிறுத்தவில்லை; அவள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்பதுபோல் குனிந்தபடி வேரைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தான்.

"வேலை முடியாம வந்தவங்கள அனுப்புற வழக்கம் இல்லீங்க ஐயா" என்றாள்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே! நிலம் உங்களுதுன்னு சொல்றேனே!"

"இங்க முடிஞ்சா, அடுத்து எய்னோ நிலத்துல வேலை இருக்கு."

"அவனுக்கு ஏது நிலம்?"

"அதாங்க ஐயா. அது வர்ற வரைக்கும் வேலை முடியாது."

யாரோ சிரித்தார்கள். ஃபால்கன்பெர்க்கின் முகம் வெளுத்தது. நாளைக்குப் போலீஸோடு வருகிறேன், ஒருவனுக்கும் இந்த ஆற்றில் இனி வேலையில்லை, இந்த வீட்டில் நாளை இரவு தெற்கத்திக் குடும்பம் தூங்கும் என்று கத்தினார். கத்திக்கொண்டே போனார். அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஹில்யா தூர்ஸ்டைனிடம் போனாள்.

"போச்சா நம்ம நிலம்?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"போயிருக்கலாம். திட்டணும்னா திட்டிடு."

அவன் திட்டவில்லை. தீட்டி முடித்த மண்வெட்டியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான்.

அவள் அதை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். எய்னோ நகர்ந்து, அவள் நிற்கப் பக்கத்தில் இடம் விட்டான்.