மலிவு சீற்

என் மகன் யதுர்ஷனின் மனைவி சாரங்காவுக்குக் கனடாவில் முதல் பிரசவம். பிள்ளையை முதலில் கையில் வாங்குவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகூட வைத்திருந்தேன். அவளுடைய தாய் கமலாட்சிக்கும் விசா கிடைத்தபோது வயிறு பற்றி எரிந்தது. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கட்டும், செலவு என் மகனுடையது.

டிக்கெட் போடக் கிளிநொச்சிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். கமலாட்சி யன்னலோரமாக இருந்தா. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

டிக்கெட் கடைக்காரன் சுஜிதன் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, “அம்மா, மலிவு விலையில ஒரு சீற்தான் கிடக்கு. மற்றது விலை கூட,” என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் இருந்த விமானப் படத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

“இவ்வளவு சீற் கிடக்குதே தம்பி! எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சீரோ?”

“பிளேனில இடம் இருக்கு அம்மா. ஆனா இந்த விலைக்கு இவ்வளவு சீற்தான் எண்டு பிரிச்சு வைச்சிருப்பாங்கள். மலிவில மிஞ்சினது ஒண்டு.”

மிஞ்சியது ஒன்று என்றால் கமலாட்சிக்கு விடுவேனா?

“அது எனக்கு.”

“வடிவா யோசியுங்கோ. மலிவு டிக்கெட்டில திகதி மாத்தேலாது. கூடினதில மாத்தலாம்.”

“சம்மந்தி, நீங்கள் கூடினதை எடுங்கோவன்,” என்றா கமலாட்சி.

அவ விட்டுத் தருகிறா என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கத்தானே வேண்டும்? மலிவு சீற்றை என் பெயருக்கே போடச் சொன்னேன். மகனுக்குச் செலவைக் குறைத்தவள் நான் என்று ஊரில் சொல்லவும் வசதி.

பயணத்துக்கு முன்பே யதுர்ஷன் பதறிக்கொண்டு போன் எடுத்தான். பிரசவம் முந்திவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கமலாட்சி திகதியை மாற்றிக்கொண்டு மறுநாளே பறந்துவிட்டா. நான் சுஜிதனிடம் ஓடினேன்.

“உங்கடதை மாத்தேலாது அம்மா. புதுசாத்தான் வாங்கோணும். இப்ப விலை எக்கச்சக்கம்.”

மகனிடம் எந்த முகத்தோடு கேட்பது? பழைய டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

பேத்தி பிறந்ததும் வீடியோவில் கூப்பிட்டார்கள். கமலாட்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

“சம்மந்தி, பாருங்கோ! அப்படியே உங்களை உரிச்சு வைச்சிருக்கு.”

“ஓம்,” என்றேன்.

உண்மைதான். அதே நெற்றி, அதே நாடி. என் முகத்தைத்தான் அவ மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தா.