இணையவழி மாநாட்டில் ஒரு பொன்னாடை

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற கண்ணகியின் மகளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். ஆனால் 2008 பிப்ரவரியில் நடந்த அந்த மாநாட்டில் நான் ஒரு வார்த்தைகூடக் குரல் உயர்த்திப் பேசவில்லை. அதை இன்றுவரை யாரும் பாராட்டவில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தேன். கடலோரப் பள்ளிகளில் கணினிவழிக் கல்வி என்பது என் ஆய்வு. பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலை எழுதி வைத்திருந்தார்கள்: மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை.

நான் பஸ் ஏறிப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தேன். போன இடமெல்லாம் கம்ப்யூட்டர் உறைக்குள் இருந்தது, உறை போட்ட கம்ப்யூட்டர் பூட்டிய அறைக்குள் இருந்தது, அறையின் சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருந்தது. "பசங்க கை வெச்சா கெட்டுப்பூடும்மா, ஆடிட்டுல யாரு பதில் சொல்றது?" என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். ஒரு பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, வாசல்படியிலிருந்தே கம்ப்யூட்டரைக் காட்டி அனுப்பினார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் உறையை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்களாம். அங்கே ஒரு சிறுமி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அக்கா, அதுல எம்பேரு எழுதினா தெரியுமா?" என்று கேட்டாள். ஆர்வமில்லாத பிள்ளை.

ஆர்வத்துக்குக் குறைவில்லை, தொடத்தான் விடவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதினேன். என் ஆய்வுக்கு வழிகாட்டியும் கல்லூரியின் பிரின்சிபாலும் ஒருவரே, முனைவர் ஜானகிராமன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இன்னாம்மா இப்படி எழுதிட்ட? ஹெச்.எம்.மெல்லாம் வருத்தப்பட மாட்டாங்களா? பாவம், அவங்களும் பெரியவங்க" என்றார் அவர், வெண்ணெய் மாதிரிக் குரலில். பிறகு என் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுத் தானே ஒன்று எழுதிச் சேர்த்தார். 'மாணவர்களிடையே ஆர்வக் குறைவு காணப்படுகிறது. விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும்.' பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் கையெழுத்து இல்லாமல் கட்டுரை மாநாட்டுக்குப் போகாது.

அந்த மாநாட்டை நடத்தியது பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம். முழுக்க இன்டர்நெட்டில், மாணவர்களுக்காகவே நடந்தது. பொறுப்பாளர் பேராசிரியர் புருஷோத்தமன். புதுச்சேரிக்காரர்தான், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டவர். ஒரு கல்லூரிக்கு ஒரு மாணவர், ஒரு மணி நேரம். நன்றாகச் செய்கிற ஒருவருக்கு உதவித்தொகையோடு அங்கே ஒரு வருடம் ஆராய்ச்சி செய்ய இடம். விதி ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பானது: பேசுகிற மாணவரின் முகம் கேமராவில் தெரிய வேண்டும். எங்கோ மாணவருக்குப் பதிலாக வாத்தியாரே பேசிவிட்டாராம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். பூசி மெழுகாமல் சொல்கிறேன், வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "பிரான்சா? போய்ட்டு வா. அங்கயாச்சும் வாய வெச்சிக்கினு சும்மா இரு" என்று சொல்லிவிட்டு வஞ்சிரம் நறுக்கப் போய்விட்டது.

பேராசிரியர் கேட்டது ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு மைக். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற கலைவாணன் சார், "லேப்லயே வெச்சிக்கலாம் சார், லைன் நல்லா கெடைக்கும்" என்றார்.

"சீஃப் கெஸ்ட்ட லேப்ல உக்கார வெப்பியா?" என்றார் பிரின்சிபால். "ஆன்லைன்னா இன்னாய்யா? விருந்தாளி விருந்தாளிதான."

ஆகவே வாசலில் வாழைமரம் கட்டினார்கள். நாதஸ்வரம் வந்தது. அரங்கத்தில் இருநூறு மாணவர்களை உட்கார வைத்தார்கள். பின்பக்கம் கேசரி கிண்டுகிற வாசனை வந்தது. மேடை நடுவில், தலைமை விருந்தினருக்கென்றே வைத்திருக்கிற உயரமான சாய்வு நாற்காலியில், தலையணை போட்டு மானிட்டரை உட்கார வைத்தார்கள். மானிட்டரின் உச்சியில் கேமரா. அதற்கு எதிரே நான் நிற்க வேண்டிய மைக். கூட்டம் பார்ப்பதற்காகப் பேராசிரியரின் முகத்தைப் பின்சுவரில் பெரிதாக விழும்படி செய்திருந்தார் கலைவாணன் சார்.

பதினொரு மணிக்குப் பேராசிரியர் சுவரில் தோன்றினார். ஸ்வெட்டர் போட்டிருந்தார், நரைத்த தாடி, பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. அங்கே காலை ஆறரை. "வணக்கம், ஆரம்பிக்கலாமா?" என்றார். நாங்கள் ஆரம்பித்தோம். வாழ்த்துப் பாடல், குத்துவிளக்கு, வரவேற்புரை, தாளாளர் உரை. தாளாளர் உரையில் கல்லூரிக்கு நிலம் வாங்கிய கதை முழுதும் வந்தது. பேராசிரியர் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் ஒரு மணி நேரம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. 

அதன் பிறகுதான் பொன்னாடை.

பிரின்சிபால் ஜரிகை போட்ட சால்வையை விரித்துக்கொண்டு நாற்காலியை நெருங்கினார். ஒரு நிமிடம் தயங்கினார். விருந்தினருக்குத் தோள் எங்கே என்று தேடியிருப்பார் போல. பிறகு கண்டுபிடித்து, மானிட்டரின் தலையோடு சேர்த்து இரண்டு பக்கமும் இறங்கும்படி பதவிசாகப் போர்த்தினார். போட்டோகிராபர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போர்த்தினார். கேமரா சால்வைக்குள் போய்விட்டது. அரங்கமே கை தட்டியது.

"பார்தோன், மன்னிக்கணும் ஐயா, திடீர்னு இருட்டாயிடுச்சு. ஒண்ணும் தெரியல" என்றார் சுவரிலிருந்த பேராசிரியர்.

பிரின்சிபால் மைக்கைப் பிடித்துக் கூட்டத்துக்கு விளக்கினார். "மாணவர்களே, பிரான்சுல இன்னும் பொழுது விடியல. நமக்கோசரம் ஐயா இருட்டுல எழுந்து உக்காந்திருக்காரு."

கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. "இல்ல ஐயா, இங்க லைட்டு எரியுது, உங்க பக்கந்தான்..." என்று அவர் சொன்னது நாதஸ்வரத்தில் அமுங்கிப் போயிற்று.

ஒருவழியாக 'சங்கவி' என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம்கூட மீதி இல்லை. நான் மைக் முன்னால் நின்று இரண்டு வரி பேசியதும் பேராசிரியர் கையைத் தூக்கினார். "பாப்பா, குரல் கேக்குது, முகம் தெரியல. முகம் தெரியலன்னா நான் மார்க்கு போட முடியாது."

நான் கலைவாணன் சாரிடம் குனிந்து, "கேமரா மேல துணி சார்" என்றேன்.

"தெரியும்மா. பிரின்சிபால் கையால போத்தினது. நான் எடுத்தா நாளைக்கு என்னயே வேலையிலேருந்து எடுத்துடுவாங்க."

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சங்கடப்பட்டது. "விருந்தாளிக்குப் போத்தினத நாம எடுக்கறது மரியாத இல்லம்மா. அவரா எடுத்தாதான் முறை" என்று மெல்லச் சொன்னார். சற்று யோசித்தார். பிறகு மைக்குக்கு வந்து கைகூப்பி, "ஐயா, தாங்கள் பொன்னாடையை எடுத்துவிடலாம்" என்று கேட்டுக்கொண்டார்.

சுவரில் பேராசிரியர் குனிந்து தன் இரண்டு தோள்களையும் பார்த்துக்கொண்டார். ஸ்வெட்டர்தான் இருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நேராக நாற்காலிக்குப் போய்ச் சால்வையை உருவினேன்.  நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தாளாளர் எழுந்து நின்றார். நான் சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு மைக்குக்குத் திரும்பி வந்தேன். 

"ஆ, வாலா. இப்ப நல்லா தெரியுது" என்றார் பேராசிரியர், பிரெஞ்சும் தமிழுமாக. "கையில இன்னா அது?"

"பொன்னாடை சார். உங்களுக்குப் போத்தினது."

"எனக்கா? யாரு, கேமரா மேலயா போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரின்சிபால் பக்கத்தில் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "மன்னிக்கணும் ஐயா. பசங்க யாரோ தெரியாம பண்ணிட்டாங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு இந்த டெக்னாலஜில எல்லாம் ஆர்வமே இல்ல."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சால்வை போர்த்தியதை இரண்டு தடவை பார்த்தவர்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. போட்டோகிராபர்கூட, படம் அவரிடமே இருக்க, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. துறைமுகத்தில் அம்மா எடையில் ஏமாற்றுகிறவனைப் பிடித்துக்கொள்கிறபோது என்னென்ன சொல்லுமோ அத்தனையும் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். பிரான்சுக்குப் போக நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும், அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் என் தோளை உரசிக்கொண்டு நின்றார்.

 பேராசிரியர் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார்.

"சரி. நேரம் இல்ல, ஒரே கேள்விதான். உன் கட்டுரை முழுக்கப் படிச்சிட்டேன். உறை, பூட்டு, சாவின்னு அவ்வளவும் எழுதிட்டு, கடைசிப் பக்கத்துல பசங்களுக்கு ஆர்வம் இல்லன்னு முடிச்சிருக்க. அந்த முடிவுக்கு எப்படி வந்த?"

பிரின்சிபால் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, தைரியம் சொல்வது போலத் தலையாட்டினார். நான் அவரைக் கை காட்டவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. அவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"இப்ப பாத்தீங்களே சார், இப்படித்தான் வந்தேன். போன பள்ளிக்கூடத்துல எல்லாம் இப்படித்தான் சார் வந்துது."

பேராசிரியர் என்னையே பார்த்தார். அவர் தாடிக்குள் சிரிப்பு வந்து போயிற்று. தலையைக் குனிந்து எதையோ எழுதினார். "மெர்சி, சங்கவி. போதும்" என்றார். முதலில் கை தட்டியவர் பிரின்சிபால்.

இரண்டு வாரம் கழித்து மெயில் வந்தது. இடம் எனக்குத்தான். வரும்போது கடைசிப் பக்கத்தை நீயே எழுதிக் கொண்டுவா என்று கீழே ஒரு வரி இருந்தது. நான் சான்றிதழ்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். சால்வையை உருவியதற்குத் திட்டுவார், கையெழுத்துப் போட மறுப்பார், போட மறுத்தால் என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

அவர் உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கி மேடையில நீ யாரச் சொன்னன்னு எனக்குத் தெரியும்மா."

நான் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. "ஆமா சார். உங்களத்தான் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"'எப்படி வந்த'ன்னு அவரு கேட்டதும் நீ திரும்பி என்னப் பாத்த பாரு, அதுலயே புரிஞ்சுட்டுது. எவ்வளவோ பேருக்கு கைடா இருந்துட்டேன். பிரான்சுல இருக்கறவரு முன்னால, 'இவராலதான் வந்தேன்'னு ஒருத்தரும் காட்டினது இல்லம்மா."

 அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று என் மேலேயே ஆத்திரமும் வந்தது. அவர் பேனாவைத் திறந்து, காகிதத்தில் என் பெயருக்கு எதிரே 'பெரியவர்களின் முடிவுகளை மதித்து நடப்பவர்' என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மை கலைந்துவிடக் கூடாதென்று வாயால் ஊதி ஊதிக் காயவைத்து என்னிடம் கொடுத்தார்.