பால்பண்ணைக்காரனின் எலும்பு

வெர்லின் தும்மினான், விலா எலும்பு உடைந்தது. மாடு உதைத்தோ பரணிலிருந்து விழுந்தோ உடைந்திருந்தால் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான் என் புருஷன். கொட்டகையில் தீவன வண்டியைப் பிடித்தபடி போட்ட வெறும் தும்மல். வெளியே சொல்லவும் முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே பால் கறந்துகொண்டிருந்தவனை நான்தான் மருத்துவமனைக்கு இழுத்துப்போனேன்.

எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் அங்கே பெண்கள் பிரிவில் இருக்கிறது. ரோஜா நிற நாற்காலிகள், சுற்றிலும் கர்ப்பிணிகள். இவன் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு தன் பூட்ஸையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மனைவிக்குத் துணைக்கு வந்தீர்களா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்குக் கூசாமல் ஆமாம் என்றான். நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டபோது அசையவே இல்லை. வேறு வழி? நான் எழுந்து போனேன். பின்னாலேயே வந்தான்.

எனக்குப் பல வருடங்களாக எலும்பு மெலிவு. கால்சியம், வைட்டமின் டி, வாரத்துக்கு ஒரு பெரிய மாத்திரை. கண்ணாடிப் பொம்மை என்று என்னைக் கேலி செய்வான். இப்போது அவனுக்கு வந்த ஸ்கேன் முடிவு என்னுடையதைவிட மோசம். முதுகில் ஒரு எலும்பு அவனுக்கே தெரியாமல் நசுங்கியிருந்தது. பூஞ்சை வைக்கோல் தூசியில் நுரையீரல் கெட்டு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டான் அல்லவா, அதுதான் எலும்பை அரித்திருக்கிறது என்றார் டாக்டர். ஆண்களுக்கும் இது வரும், அவர்கள்தான் நம்புவதில்லை என்றும் சொன்னார்.

இவனும் நம்பவில்லை. பால்பண்ணை வைத்திருப்பவனுக்கே எலும்பு மெலிவு என்று தெரிந்தால் தீவனக் கடையில் காபி குடிக்கும் கும்பல் சும்மா விடுமா?

"பொறந்ததுலேர்ந்து ஜாடி ஜாடியா பால் குடிக்கிறேன். எனக்குக் கால்சியம் மாத்திரையா? என் மாடுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மாத்திரைப் புட்டிகளை அலமாரியின் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டான். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அவன் பரண் ஏறும்போதெல்லாம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அவன் வேண்டும். இந்த வயதில் வேறு எதுவும் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை.

மார்ச்சில் எங்கள் பசு மேவிஸ் கன்று போட்டாள். மறுநாள் காலை கறவைக்குப் போனால் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். காதுகள் சில்லிட்டிருந்தன, கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. பால் சுரந்து சுரந்து உடம்பில் கால்சியம் இறங்கிவிட்டால் மாடுகளுக்கு இப்படி ஆகும். வெர்லின் கால்சியம் மருந்து பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்து, வைக்கோலில் மண்டியிட்டு, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினான். நான் பாட்டிலை உயர்த்திப் பிடித்தேன். மெதுவாகத்தான் விட வேண்டும், அவசரப்பட்டால் மாட்டின் இதயம் நின்றுவிடும். அவள் நெஞ்சில் கைவைத்துத் துடிப்பைப் பார்த்தபடியே கொஞ்சினான்.

"எல்லாத்தையும் பாலா குடுத்துட்டியாடி? கொஞ்சம் திருப்பி வாங்கிக்கோ. இதுல என்ன வெக்கம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பாட்டிலில் குமிழி ஏறுவதையே பார்த்தேன். நாக்கு துறுதுறுத்தது நிஜம்.

பாட்டில் காலியானது. மேவிஸ் பெரிதாக ஏப்பம் விட்டாள், உடம்பு நடுங்கியது, பின்கால்களை ஊன்றப் பார்த்து மறுபடி சரிந்தாள். வெர்லின் வழக்கம்போல் அவள் இடுப்புக்குத் தோள்கொடுத்துத் தூக்கப் போனான். நான் குறுக்கே நின்றேன்.

"நகரு, ஆர்டிஸ்."

"நீ விழுந்தா உன்னத் தூக்க ஓடி வரப்போறவ நான்தான். தூக்கினா நானும் ஒடிஞ்சிடுவேன். தெரிஞ்சும் என்னால தூக்காம இருக்க முடியாது, வெர்லின்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின்வாங்கி என் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான்.

"அந்த வார மாத்திரைய பால்ல முழுங்கலாமா?"

"வெறும் தண்ணிதான். பால் ஆகாது."

இதைவிடக் கேவலம் வேறு உண்டா என்பதுபோல் முனகினான்.

மேவிஸ் மறுபடியும் பின்கால்களை ஊன்றினாள். இடுப்பு ஆடியது. வெர்லினின் தோள் தானாக முன்னே போயிற்று, அப்படியே நின்றது. பைகளுக்குள் அவன் முஷ்டிகள் புடைத்துத் தெரிந்தன. மேவிஸ் ஊன்ற இடம் தேடி ஒரு முன்காலால் வைக்கோலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.