அது நம்ம பை இல்ல

ஞானகுமாரி மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்துகொண்டு உள்ளே போனாள். சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்த அதே புடவை. தலை வாரவில்லை. சேக்காட்டு வீட்டில் அக்கா ஆரோக்கியம்மாளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம். இப்போது மணி பதினொன்று.

மேனேஜர் பாஸ்கரன் பதறி எழுந்தார். "என்னம்மா, நீ இங்க? விஷயம் கேள்விப்பட்டேன். மாலையோட ஆள் அனுப்பலாம்னு…"

"மாலை வேணா சார். அந்தப் பைய எடுங்க."

"எந்தப் பை?"

"எங்க அக்கா திருடிட்டான்னு சொன்னீங்களே, அது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கம்பெனி, இத்தாலிக்காரன் ஒருவனுக்காகப் பெண்கள் மாட்டிக்கொள்ளும் தோல் பைகள் தைத்து அனுப்பியது. ஆரோக்கியம்மாள் பதினாலு வருடமாக அங்கே செக்கர். அவள் கை படாமல் ஒரு பையும் பெட்டிக்குள் போனதில்லை. மூன்று மாதத்துக்கு முன் இத்தாலிக்காரனின் ஆள், பாரிமுனைக் கடை ஒன்றில் அதே பை தொங்குவதைப் பார்த்துவிட்டு வாங்கி வந்து மேனேஜர் மேஜைமேல் போட்டான். தைத்து முடித்த பைகளை வைக்கும் அறையின் சாவி ஆரோக்கியம்மாளிடம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"கைல குடுங்க சார், பாத்து சொல்றேன். இது நம்ம பை இல்ல" என்று தையல் ஹாலின் நடுவில் நின்று அவள் கெஞ்சினாள். கொடுக்கவில்லை. எல்லோரும் பார்க்க அவள் போட்டிருந்த கம்பெனி நீலக் கோட்டைக் கழற்றச் சொல்லி வெளியே அனுப்பினார்கள். நாலாவது மெஷினில் ஞானகுமாரி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். தன் வேலையும் போய்விடுமே என்ற பயம். அக்கா ஒருமுறை அவள் பக்கம் திரும்பினாள். அவள் நிமிரவே இல்லை.

அதற்கப்புறம் ஆரோக்கியம்மாள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. நேற்றுக் காலை குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். இன்று காலை, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாவம், திருட்டுப் பேரோட போறா." ஞானகுமாரி எழுந்துவிட்டாள். "எங்க போற?" என்று அக்கா புருஷன் டேவிட் கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

பை பீரோவின் மேல்தட்டில் இருந்தது. பாஸ்கரன் தடுப்பதற்குள் எடுத்துவிட்டாள். சாவு வீட்டுக்காரியின் கையைப் பிடிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பையை மேஜைமேல் வைத்து, ஓரத்தை நகத்தால் நெருடினாள். அக்கா செய்வது மாதிரியே.

"இன்னா சார் இது? நம்ம பைல ஓரத்த மடிச்சித் தெப்போம். இதுல வெட்டி மை பூசிகீது. ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல் போடுவோம். எண்ணுங்க. ஆறு கூட இல்ல."

"ஞானகுமாரி, வீட்டுக்குப் போம்மா. இதெல்லாம் அப்புறம்…"

மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து உள்துணியைக் கிழித்தாள். வெளித்தோலின் பின்பக்கம் தோல் இல்லை. வெள்ளை வலைத்துணி. ரெக்சின், போலித் தோல்.

"எங்க அக்கா இத கைல வாங்கியிருந்தா ஒரு நிமிசம் ஆயிருக்குமா சார்? நீங்களும் இருபது வருசமா தோல் வேலைலதான கீறீங்க?"

பாஸ்கரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்குப் புரிந்தது.

"தெரியும். உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"டூப்ளிகேட்டுன்னு சொன்னா, பை வெட்டுற பேட்டர்ன் எப்படி வெளிய போச்சுன்னு இத்தாலிக்காரன் கேப்பான்மா. ஆர்டரே போயிடும். ஒரு பை திருட்டுப் போச்சுன்னா ஒரு ஆளோட முடிஞ்சிடும். இருநூறு பேர் வேலைம்மா இது."

"பேட்டர்ன் அட்டை உங்க பீரோலதான கீது சார்?"

அவர் எட்டிப் பீரோக் கதவைச் சாத்தினார்.

கத்தரிக்கோல் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார். மேஜைமேல் வைத்துவிட்டு, கிழிந்த பையோடு ஹாலுக்குப் போனாள். அறுபது மெஷின்களின் இரைச்சல். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது டூப்பு! எல்லாம் பாத்துக்கோங்க! எங்க அக்கா திருடல!"

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். முனியம்மாவின் மெஷின் நின்றது. பிறகு பக்கத்து மெஷின். முனியம்மா எழுந்து வந்து பையை வாங்கி, வலைத்துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள்.

"நீ அன்னிக்கு ஏண்டி ஒண்ணும் பேசல?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ பேசினியா?" ஞானகுமாரி சீறினாள்.

நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனாலும் பதினொரு பேர் வந்திருந்தார்கள், நீலக் கோட்டைக் கழற்றாமலே. சிலுவை போடத் தெரியாத முனியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலையில் திருட்டுப் பேர் என்று பேசியவள் அந்தக் கோட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

சாமியார் ஜெபத்தை முடித்தார். டேவிட் மண் போட்டார். பதினொரு பேரும் வரிசையாக வந்து போட்டார்கள். ஞானகுமாரியும் ஒரு பிடி அள்ளிக் குழியின் மேல் கையை நீட்டினாள்.

கை திறக்கவில்லை. குழி வெட்டுபவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.